384 பேர் கிடைத்துவிட்டார்கள், கேள்வி எங்கே?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில், இறுதியாண்டு படிக்கும் ஒரு தங்கை கைப்பேசியை என் பக்கம் திருப்பி வைத்தாள். கூகுள் ஃபார்ம். மேலே 384 என்று எண். "அக்கா, ஆள் சேர்ந்தாச்சு. இனிமே எந்தப் புள்ளியியல் டெஸ்ட் போடணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். கோயில் இளைஞர் குழு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் குழு, பெரியம்மா வீட்டுக் குடும்பக் குழு என்று ஒரு வாட்ஸ்அப் குழுவையும் விடாமல் மூன்று வாரம் கெஞ்சிச் சேர்த்த எண்ணிக்கை அது. தலைப்பு, கோலாலம்பூர் இந்திய இளையோரின் சமூக ஊடகப் பயன்பாடும் தமிழ் வாசிப்பும். "சரி, உனக்கு என்ன தெரியணும்மா?" என்று கேட்டேன். தலைப்பையே திரும்பச் சொன்னாள். "அது தலைப்பு. கேள்வி என்ன?" என்றேன். தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், பதில் வரவில்லை.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வு முன்மொழிவோடு வரும் தம்பி தங்கைகள் பலரோடு சில வருடங்களாக இப்படி உட்கார்ந்திருக்கிறேன், பெரும்பாலானவர்கள் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். கருவி கையில் இருக்கும், தரவுகூட வந்திருக்கும், கேள்வி பிறந்திருக்காது. ஆய்வு நெறிமுறைப் பாடத்தை நாம் கற்றுக்கொடுக்கும் வரிசை அப்படி. முதல் அத்தியாயம் அறிமுகம், இரண்டாவது முன்னாய்வுகள், மூன்றாவது ஆய்வு முறை என்று அத்தியாயம் அத்தியாயமாக வார்ப்புரு கொடுக்கிறோம், பிள்ளைகள் கட்டம் கட்டமாக நிரப்புகிறார்கள். ஆனால் ஒரு ஆய்வை வடிவமைப்பது என்றால், "நான் நினைப்பது தப்பாக இருந்தால் அது எனக்கு எப்படித் தெரியவரும்?" என்று தரவு சேர்ப்பதற்கு முன்னாலேயே ஏற்பாடு செய்துகொள்வது. அந்த ஒரு கேள்வியை எந்தக் கட்டத்திலும் யாரும் கேட்பதில்லை.

முதலில் அந்த 384ஐப் பார்த்துவிடலாம். மலேசியாவில் சமூகவியல், கல்வியியல், வணிகவியல் என்று எந்தத் துறை மாணவரைக் கேட்டாலும் இந்த எண் தெரிந்திருக்கும். 1970இல் கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருவது. மொத்தம் 100 பேர் இருந்தால் 80 பேரைக் கேள், 1,000 என்றால் 278, 10,000 என்றால் 370, பத்து லட்சம் என்றால் 384. அதற்கு மேல் மக்கள்தொகை எவ்வளவு கூடினாலும் எண் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும். கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. அந்த மக்கள்தொகையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தேர்வாகிற வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும், குலுக்கல் சீட்டு மாதிரி. அப்படி எடுத்த 384 பேரில் 60 விழுக்காட்டினர் ஆம் என்றால், உண்மை நிலவரம் 55க்கும் 65க்கும் இடையில் இருக்கும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். குலுக்கலே இல்லாமல் குடும்பக் குழுவில் கிடைத்த 384 பேரை வைத்து அந்த 384 பேரைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்னால் ஒரு வார இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அவர் பெருவாரியாக ஜெயித்தார். பதில் அனுப்பியவர்கள் ஒரு மாதிரி, ஓட்டுப் போட்டவர்கள் வேறு மாதிரி. தப்பான இடத்தில் எத்தனை பேரைக் கேட்டாலும் தப்பு தப்புதான், ஆள் கூடக் கூட நம் நம்பிக்கை மட்டும் கூடும்.

அவளுடைய படிவத்தைத் திறந்து பார்த்தேன். அழகான, பிழையில்லாத தமிழ். பதினோராவது வாக்கியம், "நான் அடிக்கடி தமிழில் வாசிக்கிறேன்". ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டமிட வேண்டும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "தமிழ் படிக்காதவங்க இத எப்படி நிரப்புவாங்க?" என்று கேட்டேன். சட்டென்று நிமிர்ந்தாள். "என் தம்பியே நிரப்பல அக்கா. தமிழ்ல இருக்கு, யாரு படிப்பானு மூடிட்டான்." ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பையன் அவன். இப்போது படிவம் நான்கில் இருக்கிறான், தமிழ் எழுத்தைப் பார்த்தாலே நகர்த்திவிடுகிறான் என்று சொல்லிக்கொண்டே போனாள். பேச்சில் முதல் தடவையாகக் குரல் ஏறியது. அவள் ஆய்வுக்குத் தேவையான கேள்வி அந்தத் தம்பியிடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவன்தான் அந்த 384இல் இல்லை.

அங்கேதான் அவளுக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். ஆய்வு வடிவமைப்பு என்றால் என்ன என்று கேட்கும் எல்லாரிடமும் சொல்வது, ஏனென்றால் அது நம் ஊரில், இதே கோலாலம்பூரில் நடந்தது, அதன் நடுவில் இருப்பது நம் அடுப்படிப் பொருள், புழுங்கல் அரிசி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவைப் பிடித்து ஆட்டிய நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனத் தொழிலாளிகள் இதில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவு புதிதாகப் பரவிக்கொண்டிருந்த காலம் என்பதால், இதுவும் ஏதோ தொற்றுதான், அல்லது அந்த இடத்துக் காற்றும் ஈரமும்தான் என்று பல மருத்துவர்கள் நினைத்தார்கள். நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு இந்த நோய் அவ்வளவாக வருவதில்லை. சீனர்கள் தின்றது ஆலையில் வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. கிராமத்து மலாய்க்காரர்கள் வீட்டிலேயே குத்திய அரிசியைத் தின்றார்கள், அவர்களுக்கும் நோய் குறைவு. அப்படியானால் அரிசிதான் காரணம் என்றார். 1907இல் பெரிய புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்.

இங்கே நிறுத்தி, "நீ தேர்வாளராக இருந்தா பிராடனிடம் என்ன கேட்பே?" என்றேன். கொஞ்சம் யோசித்தவள், "தமிழங்க தோட்டத்துல, சீனங்க சுரங்கத்துல. வேலை வேற, தண்ணி வேற, வீடு வேற. அரிசி மட்டுமா வேற?" என்றாள். இதுதான், இதைத்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறேன். பிராடன் பார்த்தது உண்மை, ஆனால் அரிசியோடு சேர்ந்து இனம், ஊர், தொழில், கூலி, குடியிருப்பு எல்லாமே மாறின. எல்லாம் ஒரே கட்டாக மாறும்போது, எது நோயைக் கொண்டுவந்தது என்று வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் பிரிக்க முடியாது. இன்னும் ஆயிரம் சுரங்கத்தையும் ஆயிரம் தோட்டத்தையும் பார்த்தாலும் முடியாது. அங்கே தேவைப்படுவது வேறு மாதிரியான ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டைச் செய்தவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி பரவியது. 1905 டிசம்பரில் அங்கிருந்த நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து, இடது ஓரத்திலிருந்து எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் கிழக்கு வார்டுக்குப் போனார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்துவந்த சியாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் மேற்கு வார்டுக்கு, அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. அரிசியைத் தவிர மற்ற சாப்பாடு எல்லாம் இரு பக்கமும் ஒன்றுதான். புதிதாகச் சேர்ந்தவர்களையும் ஒருவர் விட்டு ஒருவராக மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். பச்சரிசிப் பக்கம் நோய் பரவியது, பலர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் யாரும் பெரிபெரியில் சாகவில்லை.

சாதாரண ஆளாக இருந்தால் அங்கேயே முடித்துக்கொண்டு எழுதப் போயிருப்பார். ஃபிளெட்சர் தன்னையே எதிர்த்து ஒரு கேள்வி கேட்டார். ஒருவேளை கிழக்கு வார்டில்தான் ஏதோ இருக்கிறதோ, சுவரில், தரையில், காற்றில்? அதனால் நடுவில் இரு பக்கத்து ஆட்களையும் வார்டு மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. நோய் அரிசியோடு போனது, வார்டோடு நிற்கவில்லை. ஆய்வு வடிவமைப்பைப் பற்றி நான் படித்த எந்தப் பாடமும் இந்த வார்டு மாற்றத்தைப் போல என் மனதில் பதிந்ததில்லை. தனக்குச் சாதகமாக வந்த முடிவைத் தானே உடைத்துப் பார்க்க இடம் வைத்திருந்தார். இன்றைக்கு மருத்துவ ஆய்வுகளில் ஒற்றை இரட்டை போதாது, அடுத்து வருபவர் எந்தப் பக்கம் போவார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதால் குலுக்கல் எண்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அடிப்படை எண்ணம் இதுதான். மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும், ஒன்று மட்டும் மாறட்டும்.

கதை அதோடு முடியவில்லை. அரிசிதான் என்பது சரி, அரிசியில் என்ன? பிராடன், தீட்டிய அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று நம்பினார். அவர் கவனித்தது சரியாக இருந்தும் சொன்ன விளக்கம் தப்பாகப் போனது. கோலாலம்பூரில் 1900இலேயே தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டேன்டன் இருவரும் நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவாத் தொழிலாளிகளை வைத்து ஆய்வு செய்து, அப்புறம் கோழிகளுக்கு அரிசி கொடுத்துப் பார்த்து, விஷயம் தவிட்டோடு வெளியே போய்விடும் ஏதோ ஒரு சத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள். அந்தச் சத்து என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது, தயாமின் (வைட்டமின் பி1) என்று பெயரெல்லாம் பிறகுதான் வந்தது. தெரியாத ஒன்றை எப்படி அளப்பது? தவிட்டோடு சேர்ந்தே போகும் பாஸ்பரஸை அளந்தார்கள். அரிசியில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அந்த அரிசி ஆபத்து. பாஸ்பரஸ் நோயைத் தடுப்பதில்லை, அது வெறும் அடையாளம். அளப்பதும் அறிய விரும்புவதும் வேறு வேறு என்று தெரிந்தே அளந்தார்கள். நாம் "சமூக ஊடகப் பயன்பாடு" என்று எழுதிவிட்டு ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் என்று கேட்கும்போது, அதே மாதிரி ஒரு அடையாளத்தைத்தான் அளக்கிறோம், ஆனால் அது எதற்கு அடையாளம் என்று சொல்லத் தெரியாமல் அளக்கிறோம். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயாமின் அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். தோட்டத்துத் தமிழர்களைக் காப்பாற்றியது அதுதான்.

ஆனால் இந்தக் கதையை மெச்சிவிட்டு மட்டும் போக என்னால் முடியாது. அந்தக் கொட்டகையில் வரிசையில் நின்று எண் சொன்னவர்கள் மனநோயாளிகள். என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்கு விளக்கிச் சம்மதம் வாங்கவில்லை. பச்சரிசிப் பக்கம் விழுந்தவர்களில் பலர் செத்தார்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு வரம்பு வகுத்த 1947இன் நூரம்பெர்க் நெறிகளும் 1964இன் ஹெல்சின்கி அறிக்கையும் வந்த பிறகு இப்படி ஒரு ஆய்வை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. நம் பிள்ளைகள் நெறிமுறைப் படிவத்தைக் கடைசி நேரத்து வேலையாகப் பார்க்கிறார்கள், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. அந்தப் படிவத்துக்குப் பின்னால் இப்படிப் போன உயிர்கள் இருக்கின்றன என்று சொல்லிக்கொடுத்தால் வேறு மாதிரி நிரப்புவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் கேள்வி கேட்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பள்ளிக்குள் போவதென்றால் கல்வி அமைச்சிடம் இ-ராஸ் என்ற இணைய விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும், அப்புறம் மாநிலக் கல்வி இலாகா, அப்புறம் தலைமையாசிரியர். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். பள்ளி விடுமுறை, நோன்பு மாதம், தீபாவளி எல்லாவற்றையும் நாட்காட்டியில் குறித்துவிட்டுத்தான் கால அட்டவணையே போட வேண்டும்.

சரி, தங்கையின் தம்பிக்கு வருவோம். அவளுடைய உண்மையான கேள்வி இப்போது இப்படி ஆனது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை தமிழ் படித்த பிள்ளைகள், இடைநிலைப்பள்ளிக்குப் போனபிறகு எப்போது, எதனால் தமிழ் வாசிப்பதை நிறுத்துகிறார்கள்? அவளுக்கு முதலில் தோன்றிய காரணம் கைப்பேசி. பேசப் பேச இன்னொன்று வந்தது. தம்பியின் பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும். பிள்ளை குறைவான பள்ளியில் அது நடப்பதில்லை. அப்படியானால் தமிழ் வகுப்பு உள்ள பள்ளியில் படிப்பவர்களையும் இல்லாத பள்ளியில் படிப்பவர்களையும் ஒப்பிட்டால் போதுமே என்றாள். நான் சொல்லும் முன்னாலேயே அவளே நிறுத்தினாள். "இல்லக்கா, அது பிராடன் மாதிரி ஆயிடும்."

உண்மைதான். தமிழ் வகுப்பு இருக்கும் பள்ளி, தமிழர்கள் நிறையப் பேர் வாழும் இடத்தில் இருக்கும். அங்கே பக்கத்தில் கோயில், தமிழ்க் கடை, தமிழில் பேசும் நண்பர்கள். வகுப்பு ஒன்று மட்டும் மாறவில்லை, ஒரு உலகமே மாறுகிறது. பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து ஒற்றை இரட்டை பிரிக்க நமக்கு உரிமையும் இல்லை. அதனால் இருப்பதற்குள் புத்திசாலித்தனமாக ஒப்பீட்டைத் தேட வேண்டும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு வகுப்பு இருந்து தம்பிக்கு இல்லாமல் போன குடும்பங்கள் கிடைக்குமா? வீடும் தெருவும் கோயிலும் அப்பா அம்மாவும் ஒன்று, வகுப்பு மட்டும் வேறு. அப்போதும் பிறந்த ஆண்டு வேறு, கையில் கைப்பேசி வந்த வயது வேறு. ஆனால் எது பிரிந்தது, எது பிரியவில்லை என்று நேர்மையாகச் சொல்ல முடியும். ஒரு இளங்கலை ஆய்வுக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் "வாசிப்பு" என்றால் என்ன என்று ஒரு மணிநேரம் போனது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். அவள் தம்பி நாள் முழுக்க நண்பர்களோடு தமிழில் பேசுகிறான், ஆனால் தட்டச்சு செய்வது ரோமன் எழுத்தில். அது தமிழ் வாசிப்பா? கோயில் அறிவிப்புப் பலகையைப் படிப்பது? பாட்டு வரிகள் திரையில் ஓடும்போது படிப்பது? தமிழ்ப்பட விமர்சனத்தை ஆங்கிலத்தில் படிப்பது? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று முன்கூட்டியே முடிவெடுத்து எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் "அடிக்கடி" என்ற சொல்லுக்கு ஒவ்வொருவரும் ஒரு பொருள் வைத்துக்கொண்டு வட்டமிடுவார்கள், நாம் சராசரி எடுத்து 3.72 என்று இரண்டு தசமத்துக்கு எழுதுவோம். லிக்கர்ட் என்ற உளவியலாளர் 1932இல் ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டமிடும் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தபோது மனப்பான்மையை அளக்கத்தான் கொண்டுவந்தார். ஒருவர் நேற்று என்ன செய்தார் என்று தெரிய வேண்டுமானால், நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்பதே நல்லது. "நேத்து காலையிலிருந்து தூங்கப்போற வரைக்கும் தமிழ் எழுத்து எதையாவது படிச்சியா? எங்க?" இந்த ஒரு கேள்வி, பத்து வட்டமிடும் வாக்கியங்களுக்குச் சமம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதுகலையில் என் ஆய்வு, தோட்டங்களிலிருந்து நகரத்து அடுக்ககங்களுக்கு மாறிவந்த குடும்பங்களைப் பற்றியது. கையில் நாற்பது கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல். ஒரு பாட்டியின் வீட்டில் தரையில் உட்கார்ந்து, "புதிய குடியிருப்பில் உங்கள் வாழ்க்கை எந்த அளவுக்கு நிறைவாக உள்ளது?" என்று படித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். "நீ என்ன போடணுமோ போட்டுக்கம்மா, பாவம் வெயில்ல வந்திருக்கே" என்றார். நம் ஆட்கள் அப்படித்தான், வீடு தேடி வந்த படித்த பிள்ளையின் மனம் நோகப் பதில் சொல்ல மாட்டார்கள். நாலு, அஞ்சு என்றே வரும். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டேன். கருவாடு, நேற்று வாங்கியது. இன்றைக்குச் சந்தைக்குப் போகவில்லையா? லிஃப்ட் பழுது, ஏழு மாடி. எத்தனை நாளாக? அன்றைக்கோடு ஒன்பது நாள். ஒன்பது நாளாக அவர் கீழே இறங்கவில்லை, பக்கத்து வீட்டுப் பையன்தான் வாங்கிக் கொடுக்கிறான். தோட்டத்தில் இருந்தபோது விடிந்தால் வாசலில் நான்கு பேரோடு பேசாமல் பொழுது போகாது என்றார். என் நாற்பது கேள்வியில் லிஃப்ட் என்ற சொல்லே இல்லை. பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைசியாகக் கீழே இறங்கிய நாளைப் பற்றியே எல்லாரிடமும் பேசத் தொடங்கினேன். ஆய்வு அன்றைக்குத்தான் தொடங்கியது. முன்மொழிவைப் பரிசீலித்த குழுவில் ஒருவர், நேர்காணல் எல்லாம் சுலபமான வழி, எண் எங்கே என்று கேட்டார். இன்றைக்கும் அந்தப் பேச்சு எனக்கு வருத்தம்தான். எது எவ்வளவு என்று கேட்டால் எண் வேண்டும், எப்படி, ஏன் என்று கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேள்விதான் முறையைத் தீர்மானிக்கும்.

இதே குறை வேறு வடிவில் பினாங்கிலும் பார்த்தேன். ஜார்ஜ் டவுன் 2008 ஜூலை 7 அன்று உலகப் பாரம்பரியத் தலமானது, அதனால் லிட்டில் இந்தியாவின் பழைய தமிழ்க் கடைகள் என்ன ஆயின என்று ஒரு தம்பி ஆய்வு செய்யப்போனான். மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பினாங்கு ஸ்ட்ரீட்டிலும் இப்போது இருக்கும் இருபது கடைக்காரர்களை நேர்காணல் செய்வது திட்டம். ஆனால் இப்போது இருப்பவர்கள் தாக்குப்பிடித்தவர்கள். போனவர்களின் கதை அவர்களிடம் இல்லை. இன்னொன்று, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000இலிருந்து வீட்டுக்காரர்கள் வாடகையை இஷ்டப்படி ஏற்ற முடிந்தது. கடை போனது பாரம்பரியப் பட்டத்தாலா, எட்டு வருடம் முன்னாலேயே ஏறிய வாடகையாலா? இரண்டையும் பிரிக்க, ஒவ்வொரு கடையும் எந்த ஆண்டில் மூடியது என்று தெரிய வேண்டும். அவன் இப்போது பழைய தொலைபேசிப் புத்தகங்களையும் கோயில் நன்கொடைப் பட்டியல்களையும் வைத்துக்கொண்டு மூடிய கடைகளின் பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கிறான். மாலைக் கடைகளுக்குப் பூ போடும் ஒருவருக்கு, எந்தக் கடை எப்போது பூ வாங்குவதை நிறுத்தியது என்று அப்படியே ஞாபகம் இருக்கிறதாம்.

இதுவரை யாரும் விடை காணாத இடம் எது என்று முன்மொழிவில் காட்டச் சொல்வார்களே, அந்த ஆய்வு இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. "தமிழ்நாட்டில் செய்திருக்கிறார்கள், மலேசியாவில் யாரும் செய்யவில்லை" என்று எழுதுவது மட்டும் இடைவெளி ஆகாது. மலேசியாவில் விடை வேறாக வர ஏன் வாய்ப்பிருக்கிறது என்று சொன்னால்தான் அது இடைவெளி.

பிரிக்பீல்ட்ஸில் அன்றைக்குக் கிளம்பும் முன்னால் அவளை ஒரு வேலை செய்யச் சொன்னேன். ஒரு தாளில் வெற்று அட்டவணை போடு. ஒரு பக்கம் வகுப்பு இருந்த அண்ணன்கள், இன்னொரு பக்கம் வகுப்பு இல்லாத தம்பிகள், கீழே நேற்று தமிழ் படித்தவர், படிக்காதவர். இப்போது வாய்க்கு வந்த எண்களை நிரப்பு. அண்ணன்கள் நிறையப் படிக்கிறார்கள் என்று வந்தால் என்ன எழுதுவாய்? சரி, அழித்துவிட்டு இருவரும் ஒன்று என்று போடு. இப்போது என்ன எழுதுவாய்? இரண்டு தடவையும் ஒரே முடிவுரை வந்தால், இந்த ஆய்வைச் செய்யவே வேண்டாம், முடிவை ஏற்கெனவே வைத்துக்கொண்டுதான் போகிறாய் என்று பொருள். அவள் இரண்டாவது தடவை நிரப்பும்போது கை நின்றது. "ஒண்ணா வந்தா வகுப்பு காரணமில்ல. அப்ப நான் வீட்டப் பார்க்கணும். நானும் அம்மாவும் அவன்கிட்ட எதுல எழுதறோம்னு பார்க்கணும்." வாட்ஸ்அப்பைத் திறந்து தம்பியோடு நடந்த உரையாடலை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இவள் அனுப்பியது எல்லாம் ரோமன் எழுத்தில்தான் இருந்தது.

அந்த 384 பேரை அவள் அழித்துவிடவில்லை. இணையத்தில் தமிழ் படிக்கிற இந்த 384 பேர் எதையெல்லாம் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அது உதவும், அதற்கு மட்டும். மேற்பார்வையாளரிடம் தலைப்பை மாற்ற அனுமதி கேட்டு எழுதியிருக்கிறாள், அவரும் சரி என்று சொல்லிவிட்டார். புதிய கேள்விகள் ஆறுதான், மலாயிலும் தமிழிலும். அவளே வாய்விட்டுப் படித்துக் கேட்பாள். முதலில் ஐந்து பேரிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, எந்தக் கேள்வியில் முகம் சுளிக்கிறார்கள், எங்கே "என்ன கேட்கறீங்க?" என்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். முதல் ஆள் தம்பி. அடுத்த சனிக்கிழமை வருகிறாள்.